வெற்றுச் சீட்டைக் கண்டு ஏன் அஞ்சுகிறோம்?

ஆசிரியப் பெருமக்களிடமும் பெற்றோர்களிடமும் முதலில் ஒரு கேள்வி.

நம் தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் முதலாம் ஆண்டு தொடங்கி ஆறாம் ஆண்டு முடியும்வரை எத்தனை வாக்கியங்களை எழுதுகிறான்? படத்தைப் பார்த்து வாக்கியம், சொல்லைக் கொண்டு வாக்கியம், கோடிட்ட இடத்தை நிரப்பி வாக்கியம், மாதிரியைப் பின்பற்றி வாக்கியம் என எண்ணிப் பார்த்தால் மலைத்துப் போவோம். அவற்றுள் ஒரே ஒரு வாக்கியமாவது இன்னொரு மனிதரை எழுந்து நிற்க வைத்ததுண்டா? சிரிக்க வைத்ததுண்டா? "இது எப்படி முறையாகும்?" என்று வாதாட வைத்ததுண்டா? சிவப்பு மையில் ஒரு 'சரி' அடையாளம் விழுகிறது. அத்தோடு அந்த வாக்கியத்தின் ஆயுள் முடிந்து விடுகிறது.

எழுதிய சொல்லுக்கு வேலை எதுவும் இல்லாத மொழியைப் பிள்ளை ஏன் நேசிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் வெற்று அட்டைகளை மாணவர்கள் கையில் கொடுத்தேன். இப்பொழுது அதற்காகவே என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறார்கள். "சார், நீங்கள் பிள்ளைகளுக்குச் சீட்டாட்டம் சொல்லிக் கொடுக்கிறீர்களாமே?" என்று ஒரு பெற்றோர் நேரிலேயே கேட்டுவிட்டார். சக ஆசிரியர் சிலர் நேரில் கேட்கவில்லை; மற்ற இடங்களில் கேட்டார்கள். அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து இங்கே மறுமொழி சொல்லி விடுகிறேன்.

அது என்ன ஆட்டம்?

கோலசிலாங்கூர் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள பள்ளிகளில் பணியாற்றி வருபவன் நான். எங்கள் வகுப்பில் ஒரு மணிலா அட்டையை ஐந்து முறை பாதி பாதியாக மடித்து வெட்டுவோம். 32 சீட்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு மாணவனும் ஐந்து வெற்றுச் சீட்டுகளை எடுத்துக்கொள்வான். ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஒரு பெயர், "இந்தச் சீட்டு வந்தால் என்ன செய்ய வேண்டும்" என்று ஒரு கட்டளை, விரும்பினால் ஒரு புள்ளி ஆகியவற்றைத் தானே எழுத வேண்டும். பிறகு எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாகக் குலுக்கி ஆளுக்குச் சில கொடுப்போம். முறை வரும்போது ஒன்றை எடுத்து ஒன்றை ஆட வேண்டும். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம். கட்டு தீர்ந்ததும் ஆட்டம் முடியும். அதன்பின் எந்தெந்தச் சீட்டுகள் அடுத்த ஆட்டத்துக்கும் நீடிக்கலாம் என்று எல்லாரும் கை தூக்கி முடிவு செய்வார்கள்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 1995ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், மேடிசன் நகரில் நேத்தன் மெக்குவில்லன் என்பவர், மனனம் செய்வதற்காக விற்கப்படும் ஆயிரம் வெற்று அட்டைகள் அடங்கிய ஒரு பெட்டியைக் கண்டு, அதிலிருந்து நண்பர்களோடு உருவாக்கிய ஆட்டம் இது. 'ஆயிரம் வெற்று வெள்ளைச் சீட்டுகள்' என்பது அதன் பெயர். சீட்டாட்ட விதிகளுக்குப் பெயர்பெற்ற ஹாய்ல் விதிநூலின் 2001ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கும் இடம் கிடைத்தது. அதற்கென ஒரு நிறுவனம் பெட்டி போட்டு விற்க வேண்டிய தேவையே இல்லை. காகிதமும் எழுதுகோலும் உள்ளவர் எவரும் ஆடலாம்.

அமெரிக்காக்காரன் ஆட்டம் நமக்கெதற்கு என்று கேட்பீர்களானால், சற்றுப் பின்னோக்கிப் பாருங்கள். நான்கு துண்டுக் காகிதத்தில் ராஜா, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதி, மடித்து, குலுக்கிப் போட்டு ஆடாத தமிழ்ப் பிள்ளை உண்டா? அந்தச் சீட்டுகளை எந்தக் கடையில் வாங்கினோம்? கடை வைத்திருந்தவர் யார்? நாமே எழுதினோம், நாமே புள்ளி வைத்தோம், தகராறு வந்தால் நாமே தீர்த்துக் கொண்டோம்.

இன்னும் பின்னே போனால் உத்திரமேரூருக்கே போய்ச் சேரலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் அங்கே வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஓலை நறுக்கில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டார்கள். அதைக் குலுக்கி, உள்ளே இருப்பது இன்னதென அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். கையால் எழுதிய ஒரு துண்டு ஓலை, ஊர் வாரியத்தில் அமர்பவர் யார் என்பதைத் தீர்மானித்தது. எழுதிய சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்பதை அந்த ஊர் ஒரு சிறுவனின் கையில் கொடுத்துக் காட்டியது. நாமோ இன்று சிறுவனின் கையிலிருந்து அந்தத் துண்டைப் பிடுங்குகிறோம்.

"சீட்டு என்றாலே சூது!"

இதுதான் முதற் குற்றச்சாட்டு. அச்சத்தின் வேரை நான் அறிவேன். சம்பள நாளில் லயத்துப் பின்புறத்தில் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்து, வீட்டுக்கு வெறுங்கையோடு போனவர்களைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் மறந்திருக்க முடியாது. அந்த வீடுகளின் பிள்ளைகள் என் வயதொத்தவர்கள். ஆகவே இந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடப் போவதில்லை. ஆனால் அச்சம் தவறான பொருளின் மீது விழுந்திருக்கிறது.

திருக்குறளின் 94ஆம் அதிகாரம் 'சூது'. வள்ளுவர் அங்கே எதைக் கடிகிறார்? வெற்றி கிடைப்பதாக இருந்தாலும் வேண்டாம் என்கிறார். செல்வமும் புகழும் கல்வியும் போய்விடும் என்கிறார். பணயம் வைத்துப் பொருளை இழப்பதைத்தான் அவர் கடிகிறாரே தவிர, எழுதிய அட்டையையோ விளையாட்டையோ அல்ல. நம் நாட்டின் 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டமும் பணத்துக்காகவோ பணமதிப்புள்ள பொருளுக்காகவோ ஆடுவதைத்தான் சூதாட்டம் என்கிறது. வள்ளுவரும் சட்டமும் ஒத்துப்போகும் இடத்தில் நாம் மட்டும் ஏன் மாறுபட வேண்டும்?

தாயக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டவர் நாட்டை இழந்ததும் உருட்டும் ஆட்டத்தால்தான். அதற்காகத் தாயத்தை யாரும் தள்ளி வைக்கவில்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் உருட்டும் வழக்கம் பக்தி உள்ள வீடுகளிலேயே இருக்கிறது. சீட்டுக்கும் அப்படியொரு வரலாறு உண்டு. 120 சீட்டுகள் கொண்ட தசாவதாரக் கஞ்சிஃபா ஒவ்வோர் அவதாரத்துக்கும் பன்னிரண்டு சீட்டுகளாக இந்தியக் கைவினைஞர்கள் தீட்டியது. மைசூரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) தாமே புதிய சீட்டாட்டங்களை வகுத்தார். அவற்றுள் மிகப் பெரியதற்கு 360 சீட்டுகள். அரசன் ஆட்டம் வகுத்தால் அது கலை. தோட்டத்துப் பிள்ளை ஆட்டம் வகுத்தால் அது சூதா?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நேற்றுக் கண்ட கனவுக்கு எந்த நான்கு எண் பொருந்தும் என்று சோற்றுத் தட்டின் முன்னால் பேசிக்கொள்ளும் வீடுகள் நம்மிடையே எத்தனை? அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே வளரும் பிள்ளையின் கையில் உள்ள மணிலா அட்டைத் துண்டா அவனைக் கெடுக்கப் போகிறது? எங்கள் ஆட்டத்தில் காசு இல்லை. பந்தயப் பொருள் இல்லை. தோற்றவர் இழப்பது எதுவும் இல்லை. முதற் பாடமாகவே அதைச் சொல்லி விடுகிறேன். சூதுக்கும் விளையாட்டுக்கும் உள்ள எல்லைக்கோட்டைப் பிள்ளைக்குக் காட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் எது?

"கடையில் அழகான அட்டைகள் கிடைக்கின்றனவே!"

இது ஆசிரியர்களின் குற்றச்சாட்டு. நம் பயிற்றுத் துணைப்பொருள்களைக் கொஞ்சம் நேர்மையாகப் பார்ப்போம். நள்ளிரவுவரை உட்கார்ந்து மின்னட்டை செய்கிறோம். சொல்லைத் தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர். படம் தேடுபவர் ஆசிரியர். அச்சிடுபவர், வெட்டுபவர், லேமினேட் செய்பவர் ஆசிரியர். மாணவன் செய்வது ஒன்றே ஒன்று: கொடுத்ததைத் தூக்கிக் காட்டுகிறான். இதில் உண்மையாகக் கற்றுக் கொண்டவர் யார்? ஆசிரியர்தான்! பளபளக்கும் அந்த அட்டை மேற்பார்வைக்கு வருபவரின் கண்ணுக்கு விருந்து. அதன் மேல் மாணவன் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. லேமினேட் செய்த தாளில் பென்சில் பிடிக்காது.

எங்கள் சீட்டுகள் அழகாக இல்லைதான். மயில் கோழியைப் போலவும், கோழி பலாப்பழத்தைப் போலவும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு சீட்டையும் எழுதியவன் யார் என்று வகுப்புக்கே தெரியும். ஒருவன் எழுதியதை மற்றவன் வாய்விட்டுப் படிக்கிறான். ஐந்தாம் ஆண்டிலும் எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு மாணவி, தன் தோழியின் சீட்டில் என்ன இருக்கிறது என்பதை வேறு எவர் உதவியும் இல்லாமல் தானே படித்துவிட வேண்டும் என்று கட்டை விரலைச் சொல்லுக்குச் சொல் நகர்த்தியதைக் கண்டேன். பிறர் படித்துக் காட்டினால் அவள் கைச்சீட்டு எல்லாருக்கும் தெரிந்துவிடும் அல்லவா? வாசிப்புக்கு இதைவிட வலிய காரணத்தை எந்தப் பாடநூல் கொடுத்தது?

1971இல் அமெரிக்காவில் பிறந்த உனோவும், 1996இல் ஜப்பானில் பிறந்த போக்கிமான் அட்டைகளும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவற்றை ஆட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றில் நம் பிள்ளை என்றும் வாங்குபவன்தான். விதியை வேறெங்கோ வேறெவரோ வேறொரு மொழியில் எழுதிவிட்டார். வெற்றுச் சீட்டில் விதி எழுதுபவன் அவனே; மொழி தமிழே.

"விதி இல்லாத ஆட்டம் ஒழுக்கத்தைக் கெடுக்கும்!"

உண்மை இதற்கு நேர்மாறானது. விதி ஏன் வேண்டும் என்பதை என் மாணவர்கள் இந்த ஆட்டத்தில்தான் உணர்ந்தார்கள்.

முதல் நாள் ஒருவன் "இந்தச் சீட்டை எடுத்தவர் வெற்றி பெற்றார்" என்று எழுதினான். ஆட்டம் இரண்டாம் சுற்றிலேயே முடிந்தது. அவன் துள்ளினான். மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? ஆளுக்கொரு வெற்றிச் சீட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். முதல் சீட்டை எடுத்தவுடனே ஆட்டம் முடிந்தது. மீண்டும் குலுக்கினார்கள், மீண்டும் முடிந்தது. அதன்பின் ஆடுவதற்கே ஒன்றுமில்லை. நான் வாய் திறக்கவில்லை. அவர்களே கூடிப் பேசி, வெற்றிச் சீட்டுகளை எல்லாம் விலக்குவது என்று கை தூக்கினார்கள். முதன்முதலில் அதை எழுதியவனும் கை தூக்கினான். எல்லாருக்கும் வரம்பில்லாத அதிகாரம் இருந்தால் எவருக்கும் விளையாட்டு இல்லை என்பதை நன்னெறிப் பாடத்தில் எத்தனை முறை சொல்லியிருப்போம்? அவர்கள் அரை மணி நேரத்தில் கண்டு கொண்டார்கள்.

மெய்யியலாளர் பீட்டர் சூபர் என்பவர் 1982இல் 'நோமிக்' என்றோர் ஆட்டத்தை வெளியிட்டார். அதில் விதியை மாற்றுவதே ஒரு நகர்வு. சட்டம் என்பது வானத்திலிருந்து விழுவதில்லை, மனிதர் பேசி முடிவு செய்து மாற்றக்கூடியது என்பதைக் காட்டவே அதை அமைத்தார். பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத்தக்க அந்தக் கருத்தை எங்கள் நான்காம் ஆண்டு மாணவர்கள் மணிலா அட்டையில் பழகுகிறார்கள். இதையா ஒழுக்கக் கேடு என்கிறீர்கள்?

சொல்வதைச் செய், ஏன் என்று கேளாதே. மூன்று நான்கு தலைமுறைகளாகத் தோட்டத்தில் நம் முன்னோர்க்கு வழங்கப்பட்ட விதி இதுதான். விதி மேலிருந்து வந்தது. கங்காணி வாயிலாகவும் கிராணி வாயிலாகவும் வந்தது. அவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்று, "இந்த விதி முறையன்று; மாற்றுவோம்" என்று தமிழில் பேசிப் பழகுகிறார்கள் என்றால் நாம் மகிழ வேண்டாமா?

எழுத்துப்பிழைக்கு விலை உண்டு

இப்பொழுது மொழிக்கு வருகிறேன். எங்கள் ஆட்டத்தின் தலையாய விதி இது: சீட்டில் எழுதியிருப்பதே செல்லும், எழுதியவர் நினைத்தது செல்லாது. ஆட்டத்தின்போது எழுதியவர் விளக்கம் சொல்லக் கூடாது.

ஒரு மாணவன் பச்சைக்கிளி ஒன்றை அழகாக வரைந்து 50 புள்ளியும் கொடுத்தான். பெயரை மட்டும் 'கிழி' என்று எழுதிவிட்டான். சீட்டு எதிரில் இருந்தவளின் கைக்குப் போயிற்று. அவள் பெயரைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். சீட்டை இரண்டாகக் கிழித்தாள்! வகுப்பே அதிர்ந்தது. எழுதியவன் கத்தினான். அவளோ அமைதியாக, "கிழி என்றுதானே எழுதியிருக்கிறாய்? கட்டளையை நிறைவேற்றினேன்" என்றாள். நடுவர் குழு கூடியது. தீர்ப்பு அவள் பக்கமே. அன்று முதல் அந்த வகுப்பில் எவனும் எவளும் லகர ளகர ழகரத்தை எழுதிவிட்டு ஒரு முறை திரும்பிப் பார்க்காமல் சீட்டைக் கொடுப்பதில்லை. அடுத்த வாரம் 'அரை' புள்ளி கொடுக்க வந்த இன்னொருவன், 'அறை' என்று எழுதப் போய், பக்கத்திலிருந்தவன் கையை ஓங்கக் கண்டு, தானே அவசரமாகத் திருத்திக் கொண்டான். பயிற்சித் தாளில் பிழைக்கு ஒரு மதிப்பெண்தான் குறையும். இங்கே பிழைக்குப் பொருள் மாறுகிறது. பொருள் மாறினால் ஆட்டம் மாறுகிறது. மொழியில் உண்மையாக நடப்பதும் அதுதானே?

"பக்கத்தில் இருப்பவர் இரண்டு சீட்டு எடுக்க வேண்டும்" என்று ஒருத்தி எழுதினாள். எந்தப் பக்கம்? இருபக்கமும் ஆள் இருக்கிறதே! அவள் 'வலப்பக்கம்' என்ற சொல்லைத் தேடி வந்தாள். "எல்லாரும் ஒரு சீட்டைக் கொடுக்க வேண்டும்" என்று இன்னொருவன் எழுதினான். யாருக்கு? நான்காம் வேற்றுமை உருபு இல்லாத வாக்கியம் எப்படித் தள்ளாடும் என்பதை அவன் ஒரு சண்டையில் கற்றான். "மழை பெய்தால்" என்பதற்கும் "மழை பெய்தாலும்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் 'உம்'மில் ஐந்து சீட்டுகளை இழந்தவள் வகுப்புக்கே விளக்கினாள். இலக்கணம் என்பது தேர்வுக்கான சுமை அன்று, பேச்சுக்கான கருவி என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கினால் மட்டும் போதுமா?

மரபுத்தொடரைப் பாருங்கள். பொருளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். அடுத்த வாரம் மறந்து போகிறார்கள். எங்கள் கட்டில் மரபுத்தொடர்கள் நகர்வுகளாகி விட்டன. 'கை கழுவுதல்' வந்தால் கையிலுள்ள எல்லாச் சீட்டுகளையும் கீழே போட்டுவிட வேண்டும். 'கம்பி நீட்டுதல்' வைத்திருப்பவர் ஒரு சுற்று ஓடிவிடலாம். 'ஆறப்போடுதல்' உள்ளவர் கட்டளையை அடுத்த சுற்றுக்குத் தள்ளி வைக்கலாம். 'தட்டிக் கழித்தல்' ஆடுபவர், மற்றவர்கள் ஒப்புக்கொள்ளும்படியான ஒரு சாக்கைத் தமிழில் சொல்ல வேண்டும். தன் முறை வரும்முன் கட்டைத் தொட்டவருக்கு 'அவசரக்குடுக்கை' சீட்டு தானாகவே போய்ச் சேரும். இவற்றை எல்லாம் வகுத்தவர்கள் மாணவர்கள். பொருள் தெரியாமல் இப்படி வகுக்க முடியுமா? இரண்டு மாதம் கழித்துக் கேட்டாலும் மறப்பார்களா?

"நேரம் இல்லை, பாடத்திட்டம் முடியவில்லை"

யுபிஎஸ்ஆர் தேர்வு 1988இல் வந்தது, கடைசியாக 2019இல் நடந்தது, 2021இல் ஒழிக்கப்பட்டது. அது இருந்த காலத்தில், "தேர்வு இருக்கிறதே, விளையாட நேரமேது?" என்றோம். சரி, தேர்வு போயிற்று. பயிற்சித் தாள் போயிற்றா? பயிற்சி நூல் அடுக்குகள் போயினவா? 2011இல் அறிமுகமான தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுள் மொழியணி, இலக்கணம் என்று அடுக்குகிறது. மேலே நான் சொன்ன ஆட்டத்தில் இவற்றுள் எது இல்லை? உயர்நிலைச் சிந்தனை என்று சுற்றறிக்கைகள் பேசுகின்றன. தன் வாக்கியத்தை எதிராளி எப்படியெல்லாம் திரித்துப் பொருள்கொள்ளக் கூடும் என்று முன்கூட்டியே எண்ணி எழுதுவது எந்நிலைச் சிந்தனை?

இன்னொன்று. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. நம் தோட்டப் பள்ளிகள் பிறந்த கதை அது. இன்று மாணவர் 150 பேருக்கும் குறைந்த பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அமைச்சு வகைப்படுத்துகிறது. வகுப்பில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று நாம் வருந்துகிறோம். எண்ணிக்கை குறைவது கவலைக்குரியதுதான். ஆனால் ஆறு பேர் என்பது ஒரு மேசையைச் சுற்றி அமரச் சரியான எண். நாற்பது பேர் வகுப்பில் செய்ய முடியாததை நாம் செய்யலாம். சிறிய பள்ளியின் இந்த வலிமையை நாமே பயன்படுத்தாவிட்டால், பெற்றோர் ஏன் சிறிய பள்ளியைத் தேடி வரவேண்டும்?

"தமிழ் கலப்படமாகி விடும்"

தமிழ்ப்பற்றுள்ள அன்பர்களின் கவலை இது. பிள்ளைகள் முதலில் 'ஸ்கிப்', 'ரிவர்ஸ்' என்றுதான் எழுத வருகிறார்கள். ஆனால் எங்கள் விதி தமிழில் எழுத வேண்டும் என்பது. ஆகவே 'தாண்டு' வந்தது, 'திரும்பு' வந்தது. எவரும் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. தேவை வந்தது, சொல் வந்தது.

அதற்கும் மேலாக ஒன்று நிகழ்ந்தது. எழுதக் கருத்துக் கிடைக்காத பிள்ளைகள் வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்கத் தொடங்கினார்கள். 'பெரட்டு' என்ற சொல் அப்படித்தான் வகுப்புக்குள் வந்தது. அந்தச் சீட்டு வந்தால் எல்லாரும் எழுந்து தம் பெயரைச் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னவருக்கு அந்தச் சுற்றில் ஆட்டம் இல்லை. விடிவதற்குமுன் பெரட்டுக் களத்தில் நின்ற பாட்டியின் காலைப் பொழுது, பேத்தியின் சீட்டில் ஏறிவிட்டது. 'பால்வாளி' வந்தது, 'வெட்டுமரம்' வந்தது. புக்கிட் மெலாவத்திக் குரங்கு வந்து ஆளுக்கொரு சீட்டைத் திருடியது. கம்போங் குவாந்தான் மின்மினி வந்ததும் எல்லாரும் கண்ணை மூட வேண்டும். அதை வைத்திருப்பவர் மட்டும் பிறர் சீட்டுகளைப் பார்க்கலாம்.

பெஸ்தாரி ஜெயா அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தைப் பற்றி ஒருநாள் சொன்னேன். 1917இல் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டத்தை நட்ட இடம் அது. பெயரோ தென்னை, நட்டதோ செம்பனை! கேட்டுச் சிரித்த ஒரு மாணவி மறுநாள் 'தென்னமரம்' என்றொரு சீட்டோடு வந்தாள். அதன் விதி: "இதை வைத்திருப்பவர் வேறு எந்தச் சீட்டின் பெயரையும் இதற்குச் சூட்டி ஆடலாம்." தன் ஊரின் வரலாற்றை இவ்வளவு சுருக்கமாக எழுதிய கட்டுரை எதையும் நான் இதுவரை திருத்தியதில்லை.

பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி விட்டன. தோட்டம் போனபின்பும் பள்ளியின் பெயரில் மட்டும் 'தோட்டம்' ஒட்டிக் கொண்டிருக்கிறது. அந்தச் சொற்களைப் பேசிய தலைமுறை நம் கண்முன்னே விடைபெற்று வருகிறது. சொற்களை அருங்காட்சியகத்தில் வைக்கத் துடிக்கிறோம். பிள்ளைகள் அவற்றைக் கையில் வைத்து ஆடட்டுமே!

செய்து பார்க்க விரும்புவோர்க்கு

1. சீட்டுகள் வெற்றாக இருக்க வேண்டும். மாதிரி எழுதிக் காட்டாதீர்கள். காட்டினால் முப்பது சீட்டும் உங்கள் சீட்டாகவே திரும்பி வரும்.

2. காசு, பொருள், தின்பண்டம் எதையும் பணயமாக வைக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுத்தல் இல்லை.

3. எவருடைய நிறம், உடல், குடும்பம், சாதி, சமயம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதக் கூடாது. எழுதினால் அந்தச் சீட்டு உடனே விலக்கப்படும். ஏன் விலக்கப்பட்டது என்பதை அங்கேயே பேசிவிட வேண்டும்.

4. தமிழில் எழுத வேண்டும். சொல் தெரியாவிட்டால் கேட்கலாம், அகராதி புரட்டலாம், வீட்டுக்குப் போய் விசாரிக்கலாம்.

5. எழுதியதே செல்லும். பிழையை ஆட்டத்துக்குமுன் நீங்கள் திருத்தாதீர்கள், ஆட்டமே திருத்தும்.

6. ஆட்டம் முடிந்ததும் எவை நீடிக்கும் என்று வாக்கெடுங்கள். விலக்கிய சீட்டை எழுதியவனுக்கு மீண்டும் ஒரு வெற்றுச் சீட்டு கொடுங்கள். இதுதான் மிக முக்கியம்.

ஆறாவதைப் பற்றி ஒரு சொல். கடைசி மேசையில் அமர்ந்து, கேட்ட கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டும் ஒரு மாணவன் இருந்தான். அவன் எழுதிய சீட்டுகள் மூன்று வாரம் தொடர்ந்து விலக்கப்பட்டன. நான்காம் வாரம் அவன் எழுதியது: "உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு நல்ல செயலைச் சொல்லுங்கள். சொன்னால் எல்லாரும் உங்களுக்கு ஒரு சீட்டுத் தரவேண்டும்." அந்தச் சீட்டு இன்றும் கட்டில் இருக்கிறது. ஓரமெல்லாம் நைந்து விட்டது. புதிதாக எழுதித் தரலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று அவனுக்கு முன்னே மற்றவர்கள் சொன்னார்கள். அவனுடைய மதிப்பெண் விண்ணைத் தொட்டுவிட்டது என்று நான் கதை அளக்கப் போவதில்லை. ஆனால் எழுதக் காகிதம் கேட்டு இப்பொழுது அவனே என் மேசைக்கு வருகிறான்.

பெற்றோர்களே, பள்ளியில் இதைச் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். பழைய நாள்காட்டியின் பின்புறத்தை வெட்டுங்கள். கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு ஞாயிறு மாலை உங்கள் பிள்ளையோடு உட்காருங்கள். நீங்களும் ஐந்து சீட்டு எழுதுங்கள். உங்கள் பிள்ளை எழுதிய கட்டளைக்கு நீங்கள் கீழ்ப்படிய வேண்டிவரும், வரட்டும்!

ஆசிரியர்களே, அடுத்த முறை மணிலா அட்டை வாங்கும்போது ஒரு தாளை மட்டும் எதுவும் எழுதாமல், எதுவும் ஒட்டாமல், வெட்டி மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள். அவர்கள் எழுதி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். நமக்கு அதுதான் கடினமான வேலை.

சிந்திப்போம்! செய்து பார்ப்போம்!